இருமலோடு கொரில்லா பார்க்கப் போகாதீர்கள்

வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி, மருந்து பற்றி ஆலோசனை சொல்வது என் வேலைகளில் ஒன்று. உகாண்டாவின் பிவிண்டி மழைக்காட்டுக்குக் கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அங்கே எங்களுக்கு என்ன நோய் வரும் டாக்டர்?" நம்மால் கொரில்லாவுக்கு என்ன வரும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் பங்கு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயது தாண்டியவர்கள் ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மலேரியா மாத்திரையும் தேவை. சரி, இனி கொரில்லாவுக்கு வருவோம்.

உலகில் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். 2018 கணக்கெடுப்பில் பிவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ பகுதியிலும் சேர்த்து 459 இருந்தன. அவற்றின் மரபணு நம்முடையதோடு ஏறக்குறைய 98 சதவீதம் ஒத்துப்போகிறது. ஆகவே நம் கிருமி அவற்றுக்கு எளிதில் தொற்றும். நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலோடு போகிற சளி, முன்பின் அதைச் சந்திக்காத கொரில்லாவுக்கு நிமோனியாவாக முடியலாம். 2009இல் பக்கத்து ருவாண்டாவில் மனிதர்களிடம் காணப்படும் ஒரு சுவாச வைரஸ் தாக்கி இரண்டு கொரில்லாக்கள் இறந்தன.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1996இல் பிவிண்டியில் நடந்ததுதான். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு முடி கொட்டி, தோல் வெளுத்துச் செதில் செதிலாக உரிந்தது. உகாண்டாவின் வனவிலங்கு மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா போய்ப் பார்த்தார். சிரங்கு! நாம் மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே ஐவர்மெக்டின் மருந்தில் மற்றவை பிழைத்தன; ஒரு குட்டி மட்டும் இறந்துவிட்டது. காட்டோரத் தோட்டங்களில் சோளக்கொல்லை பொம்மைகளுக்குப் போட்டிருந்த பழைய துணிகளிலிருந்து தொற்றியிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அந்தத் துணியை உடுத்தியிருந்தவருக்கு மருந்து கிடைத்திருந்தால் அந்தக் குட்டி பிழைத்திருக்கலாம். காட்டைச் சுற்றி வாழும் மக்களின் உடல்நலத்தையும் கவனிக்கும் அமைப்பை அவர் 2003இல் தொடங்கியது இதனால்தான்.

அந்த மக்களில் மிகவும் நலிந்தவர்கள் பட்வா பழங்குடியினர். தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்தவர்கள். 1991இல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது அவர்களை வெளியேற்றினார்கள். கையில் சொந்த நிலம் இல்லை. பலர் பிறர் தோட்டங்களில் கூலிகளானார்கள். 2021இல்தான் உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். அவசரத்துக்கு ஒரு நடனம், நாலு போட்டோ என்று முடிக்கிற நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் கூடவே நடந்து, தீ மூட்டுவதையும் மூலிகைகளையும் காட்டுகிற நடையைத் தேர்ந்தெடுங்கள். பணம் யார் கைக்குப் போகிறது என்று முன்பே கேளுங்கள். இருமல் இருந்தால் அவர்கள் வீட்டுக் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

இனி பூங்கா விதிகள்: கொரில்லாவிடம் 10 மீட்டர் இடைவெளி, முகக்கவசம், ஒரு குழுவில் 8 பேர், ஒரே ஒரு மணி நேரம், 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. குட்டி தானாக உங்களை நோக்கி வந்தாலும் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். பெர்மிட் 800 டாலர் என்பதால் உடம்பு சரியில்லாததை மறைக்கத் தோன்றும். உடம்பு முடியாவிட்டால் பணம் திரும்புமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஊசி போட்டு மனைவியோடு போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கொரில்லா பார்க்கப் போவதற்கு முந்தின இரவு, பிவிண்டிக் காட்டோரத்திலுள்ள புஹோமாவிலிருந்து அழைத்தார். தொண்டை வலி, லேசாகச் சூடு. "பாராசிட்டமால் போட்டுக்கிட்டுப் போயிடவா டாக்டர்?" மாத்திரை சூட்டைத்தான் மறைக்கும், கிருமி வெளியே போவதை நிறுத்தாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, அவ மட்டும் போகட்டும்" என்றார்.

ஊர் திரும்பியதும் இருவரும் வந்திருந்தார்கள். தாயின் முதுகில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு குட்டியின் படம், அவர் மனைவி எடுத்தது. அதைத்தான் அவர் தன் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.