இன்னும் எத்தனை கிலோமீட்டர்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தின் தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 12 மணி நேரம் முடிந்ததும், வருகிறவர்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் துப்பாக்கியைச் சுடுவார். ஒரு விநாடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. வழிநெடுகப் பலகைகள் உண்டு. ஓடி முடித்த தூரம் அவற்றில் இருக்காது, மீதமுள்ள தூரம்தான் இருக்கும். மனித மனத்தை நன்றாக அறிந்த ஏற்பாடு இது.

"முடிந்தவரை செய்" என்பதைவிடத் தெளிவான, சற்றே கடினமான இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968-இல் எழுதினார். அந்த இலக்கை அவர்கள் மனதார ஏற்றிருக்க வேண்டும், எட்டும் திறனும் இருக்க வேண்டும்.

ஆனால் இலக்கு மட்டும் போதாது. 1983-இல் உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டுராவும் டேனியல் செர்வோனும் உடற்பயிற்சிக் கருவி ஒன்றில் ஆட்களை உழைக்கவைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இலக்கு மட்டும், சிலருக்கு 'இவ்வளவு செய்திருக்கிறீர்கள்' என்ற தகவல் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. இரண்டையும் பெற்றவர்களின் உழைப்பு மற்றவர்களைவிட மிக அதிகமாகக் கூடியது. நிற்கும் இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் உள்ள இடைவெளி கண்ணில் பட்டால்தான் மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலோடு 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும் சேர்ந்தவர்களே அதிகம் முயன்றார்கள். நம்பிக்கை இல்லாத ஒருவரை அதே இடைவெளி சோர்ந்துபோக வைக்கும்.

ஏறத்தாழ 98 லட்சம் மராத்தான் முடிவு நேரங்களை அலசிய ஆய்வு 2017-இல் வந்தது. 4 மணி நேரத்துக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் திரளாக இருந்தார்கள், சற்றுப் பின்னால் முடித்தவர்கள் சட்டென்று குறைந்தார்கள். காம்ரேட்ஸிலும் 9 மணி நேரம், 11 மணி நேரம் என்று பதக்க வரம்புகள் உண்டு. கால் தளர்ந்தவரையும் கடைசி மேட்டில் இழுத்துப்போவது அந்த எண்தான்.

ஒருவர் செய்ததைப் பற்றிக் கருத்துச் சொல்வதெல்லாம் நன்மை தரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆய்வாளர்கள் க்ளூகரும் டெனிசியும் 1996-இல் பழைய ஆய்வுகளில் கிடைத்த அறுநூறுக்கும் மேற்பட்ட முடிவுகளைத் தொகுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றில் கருத்துச் சொன்னதால் செயல்திறன் குறைந்தே இருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதற்குத் தாவும்போது இது நேர்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதியில் தமிழ் படிக்க வரும் பிள்ளைக்கு வீட்டுமொழி ஆங்கிலம். "உனக்குத் தமிழ் வராது" என்றால் அவள் தன்னைப் பற்றித்தான் யோசிப்பாள். "இந்தப் பக்கத்தில் பத்து வரியில் ஏழு வரியைத் தடுமாறாமல் வாசித்தாய், அடுத்த வாரம் ஒன்பது" என்றால் அவள் கண் தடுமாறிய அந்த மூன்று வரிகளுக்குப் போகும்.