பத்தாம் தேதி சனிக்கிழமையில் வந்தால்?

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை. நான் பார்த்துக்கொண்டிருந்த சம்பள மென்பொருள், ஓர் ஆலையின் சம்பளப் பட்டியலை அன்று காலை வங்கிக்கு அனுப்பியது. ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். பத்தாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போதைய சட்டம். கணக்கில் பணம் ஏறியதோ திங்கட்கிழமை. வாடகைக்கும் வட்டிக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்களுக்கு இரண்டு நாள் சின்ன விஷயமில்லை.

நிரலைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு என்றால் முந்தைய நாளே அனுப்பு என்று ஒரே ஒரு விதி. 2012இல் எழுதியபோது அது சரி. அப்போது எல்லாச் சனிக்கிழமையும் வங்கி அரை நாள் திறந்திருக்கும். 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாம், நான்காம் சனி முழு விடுமுறை, மற்ற சனி முழு வேலை நாள் என்று ஆனது. செப்டம்பர் 10 வியாழன் என்பதால் அந்த மாதம் தப்பித்தோம்.

அவசரத்தில் எல்லாச் சனியையும் விடுமுறையில் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். 8 முதல் 14க்குள் வருவது இரண்டாம் சனி, 22 முதல் 28க்குள் வருவது நான்காம் சனி. காலண்டர் வரிசையை எண்ணினால் மாட்டிக்கொள்வீர்கள். வாரம் திங்களில் தொடங்கும் காலண்டரில் 2026 பிப்ரவரியைப் பாருங்கள்: முதல் வரிசையில் ஞாயிறு 1 மட்டும் தனியாக நிற்கும். இரண்டாம் வரிசைச் சனி 7ஆம் தேதி. அதுதான் முதல் சனி!

கிழமை எண்ணிலும் கவனம் வேண்டும். நிரல் மொழிகள் கிழமையை எண்ணாகத் தரும்; 6 என்பது ஜாவாஸ்கிரிப்டில் சனி. பைத்தான் மொழியில் கிழமை சொல்லும் வீக்டே கட்டளையில் ஞாயிறு. சர்வர் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடினால், இந்தியாவில் நமக்குத் திங்கள் காலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு ஞாயிறுதான்.

வார விடுமுறையே மாறக்கூடியது. சவூதி 2013இல் வியாழன், வெள்ளியை விட்டு வெள்ளி, சனிக்கு வந்தது. அதனால் எந்த ஊருக்கு, எந்த நாள், எந்தத் தேதியிலிருந்து என்று அட்டவணையில் வையுங்கள். பழைய விதியை அழிக்காதீர்கள். பழைய மாதக் கணக்கை மறுபடி ஓட்டும்போது அது தேவைப்படும். அப்புறம், விடுமுறை குறுக்கிட்டால் தேதி முன்னால் வர வேண்டுமா, பின்னால் போக வேண்டுமா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் முன்னால்தான் வர வேண்டும்.

அடுத்து பத்தாம் தேதி சனியில் விழுந்தது 2016 செப்டம்பரில். அந்த மாதம் ஆலைக்காரர்களுக்கு வெள்ளி 9ஆம் தேதியே சம்பளம் ஏறிவிட்டது.