கூல் பிரிட்டானியா: சொல்லும் பொருளும்

1990களின் லண்டன் இசையைப் பற்றியோ ஓவியர்களைப் பற்றியோ எதைப் படித்தாலும் 'கூல் பிரிட்டானியா' என்ற தொடர் கண்ணில் படும். அந்தக் காலத்து பிரிட்டனின் இசையையும் கலையையும் கொண்டாடிய ஆரவாரத்துக்கு வைத்த பெயர் இது. இதைக் 'குளிர்ந்த பிரிட்டன்' என்று தமிழாக்கினால் வானிலை அறிக்கை போல ஆகிவிடும். இந்தத் தொடர் ஓர் ஓசை விளையாட்டு. 'ரூல், பிரிட்டானியா' என்று 1740இல் ஜேம்ஸ் தாம்சன் எழுதி தாமஸ் ஆர்ன் இசையமைத்த தேசபக்திப் பாட்டு ஒன்று உண்டு, கடல்களை ஆளச் சொல்லும் பாட்டு. அதில் 'ரூல்' போய் 'கூல்' வந்தது, அவ்வளவுதான். பிரிட்டானியா என்பது ரோமானியர் அந்தத் தீவுக்கு வழங்கிய பெயர். பிற்பாடு அதுவே காசுகளில் கேடயத்தோடும் திரிசூலத்தோடும் அமர்ந்திருக்கும் பெண்ணுருவம் ஆனது.

எழுத்தை மாற்றும் இந்தக் குறும்பை 1967லேயே பான்ஸோ டாக் டூ-டா பேண்ட் என்ற நகைச்சுவை இசைக்குழு தன் பாட்டுத் தலைப்பில் செய்துவிட்டது. அப்புறம் 1996இல் ஓர் அமெரிக்க ஐஸ்கிரீம் நிறுவனம் வனிலா, ஸ்ட்ராபெரி, சாக்லேட் பூசிய பிஸ்கட் எல்லாம் கலந்த ஒரு வகைக்கு இதே பெயரை வைத்தது. அதற்குப் பிறகுதான் பத்திரிகைகளும் அரசியலும் இதைப் பிடித்துக்கொண்டன. 1997 மே மாதம் டோனி பிளேர் 18 ஆண்டு கன்சர்வேடிவ் ஆட்சியை முடித்துப் பிரதமரானார், ஜூலையில் ஓயாசிஸ் இசைக்குழுவின் நோயல் காலகர், பிரதமர் இல்லமான டவுனிங் தெரு விருந்தில் அவரோடு கைகுலுக்கினார். இந்தத் தொடருக்குப் படம் போட வேண்டும் என்றால் இன்றும் அந்தப் புகைப்படத்தைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் இந்தத் தொடர் குறிக்கும் இசையும் கலையும் பெயருக்கு முன்பே இருந்தன. 1988இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் கலை மாணவர் டேமியன் ஹிர்ஸ்ட், துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் சக மாணவர்களோடு 'ஃப்ரீஸ்' கண்காட்சியை நடத்தினார். அதே கல்லூரியில் படித்தவர்கள் பிளர் இசைக்குழுவின் கிரகாம் காக்ஸனும் அலெக்ஸ் ஜேம்ஸும். 1995 ஆகஸ்டில் பிளரும் ஓயாசிஸும் ஒரே நாளில் பாட்டை வெளியிட்டு மோதியபோது, ஜெயித்த பிளர் பாட்டின் காணொளியை இயக்கியவரும் ஹிர்ஸ்ட்தான். பிளரின் இசையும் ஹிர்ஸ்ட் வட்டத்தின் கலையும் ஒரே கல்லூரியோடு தொடர்புடையவை என்பதை இந்தத் தொடர் மறைத்துவிடுகிறது, எல்லாம் ஏதோ தேர்தல் வெற்றியோடு பிறந்தது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. எனக்கு இதன் மேல் உள்ள பெரிய வருத்தம் அதுதான்.

1997இல் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது மேடையில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாப் குழுவின் ஜெரி ஹாலிவெல் அணிந்த கொடி உடையையும் பார்க்க வேண்டும். கறுப்புக் குட்டை உடையின் முன்பக்கத்தில் பிரிட்டன் கொடியான யூனியன் ஜாக் அச்சிட்ட சமையலறைத் துணியை வைத்துத் தைத்தது. பின்பக்கத்தில் சமாதானச் சின்னம். அந்தக் கொடியை நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி தூக்கிக்கொண்டு திரிந்திருந்ததால், தனியே கொடியை மட்டும் அணிந்தால் தப்பான அர்த்தம் வந்துவிடுமே என்ற முன்னெச்சரிக்கை. பெருமையும் தயக்கமும் ஒரே உடையில் இருந்தன. இந்தத் தொடருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கூல்' என்பதற்கு இங்கே 'கெத்து' மிக நெருக்கம், பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். எழுத்தில் 'மிடுக்கு' நிற்கும். நாட்டின் பெயருக்குத் தமிழகத்தில் 'பிரிட்டன்' என்கிறோம், ஈழத்தமிழர் எழுதும் 'பிரித்தானியா'தான் மூலத்தின் ஓசையைத் தருகிறது. ஆகவே 'மிடுக்குப் பிரித்தானியா'. 'ரூல்', 'கூல்' என்ற ஓசைப் பொருத்தம் இதில் வராது, அதை அடைப்புக்குறியில் விளக்கிவிடலாம்.

ஆனால் இதை அந்தக் காலத்து ஆரவாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளர், ஓயாசிஸ் போன்ற குழுக்களின் இசைக்கு, அப்போதே வழங்கிய 'பிரிட்பாப்' என்ற பெயர் போதும். 1997இல் ராயல் அகாடமியின் 'சென்சேஷன்' கண்காட்சியில் படைப்புகளை வைத்தவர்களை 'இளம் பிரித்தானியக் கலைஞர்கள்' என்றே எழுதலாம்.