குப்பைக் கிடங்கால் போர்வெல் தண்ணீர் கெட்டதா? இழப்பீடு கேட்க வழி இருக்கிறது

குப்பைக் கிடங்கு என்றதும் புகார் மனுவில் முதலில் ஏறுவது நாற்றமும் புகையும்தான். தண்ணீர் கெட்டுப்போனது கடைசி வரியில் வரும், வராமலும் போகும். ஆனால் புகை கலைந்துவிடும். கிணறு அப்படியே சாட்சியாக நிற்கும். இழப்பீடு கேட்பவருக்கு அதுதான் நல்ல பிடி.

மழை பெய்தால் தண்ணீர் குப்பை வழியாக இறங்கி, கறுப்பாகக் கசிந்து மண்ணுக்குள் போகிறது. நம் ஊர்களின் பழைய கிடங்குகள் பெரும்பாலும் வெறும் தரையில் கொட்டியவை, அடியில் தடுப்பு எதுவும் கிடையாது. சென்னையின் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலேயே அமைந்தது. குழாயிலிருந்து தெளிவாக வரும் தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் நின்றதும் பழுப்பேறினால் இரும்பு கரைந்திருக்கிறது என்று பொருள். நைட்ரேட் என்ற உப்புக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் போகாது, இன்னும் செறிவுதான் கூடும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைப் புதைக்கும் தளத்துக்கு அடியில் 90 சென்டிமீட்டர் களிமண்ணும் அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும் என்றன. எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் எனப் பருவந்தோறும் சோதிக்கவும் சொன்னன. பழைய திறந்தவெளிக் கிடங்குகளைச் சீர்செய்ய 5 ஆண்டு கெடு தந்தன. அது 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

சரி, அந்தச் சோதனை நடந்ததா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாநகராட்சிக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று. தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "கிடங்கைச் சுற்றி எடுத்த நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளின் நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். அறிக்கையே இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் உங்களுக்கு ஆதாரம்.

உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஒரு தடவை கோடையில், ஒரு தடவை மழை முடிந்து. கிடங்கிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு கிணற்றையும் சேர்த்துச் சோதித்தால் வித்தியாசம் தெரியும். தனி ஆள் எடுத்த மாதிரியை எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும். அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வந்து மாதிரி எடுக்கக் கோரி அதன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு கொடுத்து, ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

அப்புறம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மாசால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும், கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் உத்தரவும் தர இடம் கொடுக்கிறது. எவற்றுக்கெல்லாம் கேட்கலாம் என்பது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நோய், சொத்து நட்டம் மட்டுமல்ல, கறவை மாடு, பயிர், காய்கறி, மரம் வரை.

பலர் சறுக்குவது கால வரம்பில்தான். கசிவை நிறுத்து, விதியை நிறைவேற்று என்று மட்டும் கேட்கும் மனு 14-ஆம் பிரிவில் வருகிறது. வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து அதற்கு 6 மாதம்தான் அவகாசம். இழப்பீட்டுக்கும் மீட்புக்கும் 5 ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டிலும் மேற்கொண்டு 60 நாள் வரை தரலாம். தண்ணீர் கெட்டு ஒரு வருடம் ஆகிவிட்டதென்றால், மனு எந்தப் பிரிவில் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000. ஐந்து லட்சம் கேட்டால் 5,000 கட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம்; மனு மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தீர்ப்பு திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.