ஆல்-இன்-ஒன்: ஓருடலும் ஈருயிரும்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போய் "ஆல்-இன்-ஒன் இருக்கா?" என்று கேட்டால், "எதுங்க?" என்ற கேள்விதான் முதலில் திரும்பி வரும். அச்சடித்து, நகலெடுத்து, ஸ்கேனும் செய்கிற பிரிண்டருக்கு அதுதான் பெயர். கேமிங் கணினி கட்டுகிற பையன்களிடம் ‘ஏஐஓ’ என்றால் செயலியின் சூட்டைத் தண்ணீரோட்டத்தால் இறக்குகிற கூலர். மூன்றாவதாகத்தான் நாம் இங்கே பேசப்போகிற பொருள் வருகிறது: திரைக்குப் பின்னாலேயே முழுக் கணினியும் அடங்கிய மேசைக்கணினி.

எல்லாம் ஒன்றில் என்பதுதான் இந்தச் சொல்லின் நேர்ப்பொருள். எதெல்லாம், எந்த ஒன்றில் என்று கேட்டால் சொல்லுக்குள் பதில் இல்லை. ‘எல்லாம்’ என்பதில் மதர்போர்டு, செயலி, நினைவகம், வட்டு, ஒலிபெருக்கி, கேமரா எல்லாம் சேர்த்தி. விசைப்பலகையும் மவுஸும் வெளியேதான் கிடக்கின்றன. அந்த ‘ஒன்று’தான் திரை. பெயரில் திரை இல்லை, ஆனால் நல்ல ஆல்-இன்-ஒன் ஒன்றுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி திரைக்குத்தான் போகிறது. பெயர் மறைக்கிற இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் விலையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

உருவம் பழையது. 1977-இல் வந்த கமோடோர் பெட் கணினியில் திரை, விசைப்பலகை, கேசட் ஓட்டி எல்லாமே ஒரே கூட்டில் இருந்தன. பெயருக்கு முழுக்கப் பொருந்தியது அதுதான். 1984 ஜனவரியில் ஆப்பிளின் முதல் மெக்கின்டோஷ் 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையோடு 2,495 டாலருக்கு வந்தது. அந்தத் திரையில் அகலவாக்கில் 512, உயரவாக்கில் 342 புள்ளிகள், மொத்தம் 1.75 லட்சம். 1998-இல் 1,299 டாலருக்கு வந்த ஆப்பிளின் முதல் ஐமேக்கும் முதுகு தள்ளிய டப்பா மானிட்டர் வகைதான். 2004-இல் வந்த ஐமேக் ஜி5-இல் கணினி தட்டைத் திரையின் பின்னால் ஒளிந்துகொண்டது. இன்று ஆல்-இன்-ஒன் என்றதும் கண்ணுக்கு வருகிற உருவம் அதுதான்.

இனி திரை என்ற சொல்லுக்கு வருவோம். நமக்கு இது கணினியோடு வந்த சொல் இல்லை. திரைகடல் என்கிறோமே, அதில் திரை என்பது அலை. நரை, திரை, மூப்பு என்று அடுக்கும்போது அது தோலின் சுருக்கம். அடுப்படியில் "பால் திரைஞ்சு போச்சு" என்கிறோம். எல்லாவற்றிலும் சுருள்வது, மடிவது என்ற ஒரே கரு. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் துணி திரைச்சீலை ஆயிற்று. அந்தத் துணியில் படம் காட்டியபோது வெள்ளித்திரை. கண்ணாடிக்குள் படம் வந்தபோது சின்னத்திரை. கணினி வந்தபோது நாம் சொல் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை.

ஆங்கிலத்தின் ‘டிஸ்ப்ளே’ இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. லத்தீனில் ‘பிளிகாரே’ என்றால் மடித்தல், ‘டிஸ்’ சேர்ந்தால் மடிப்பைப் பிரித்தல். பிரித்துக் காட்டுவது டிஸ்ப்ளே. ‘மானிட்டர்’ எச்சரிக்கை செய்தல் என்ற பொருள் தரும் ‘மொனேரே’யிலிருந்து வந்தது. வகுப்பில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதும் மானிட்டரும் அதே சொல், ஆங்கிலத்தில் உடும்பைக் குறிக்கும் பெயரிலும் அதே சொல். ஆப்பிள் 2010-இல் ஐபோன் 4 வந்தபோது நுண்ணிய திரைகளுக்கு வைத்த ‘ரெட்டினா’ என்ற பெயரோ, வலை என்னும் பொருள்கொண்ட ‘ரேட்டே’ என்ற லத்தீன் சொல்லின் வழி வருகிறது. நாம் அந்த உறுப்பை விழித்திரை என்கிறோம். அதாவது அவர்கள் தேடிப்பிடித்து வைத்த வணிகப் பெயருக்குள், தமிழில் பார்த்தால், திரை ஏற்கனவே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

திரை நன்றாக இருக்க வேண்டும் என்பது ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் காட்டுவது ஒரு சுழியைத்தான். மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ‘சி’க்கும் ‘சீ’க்கும் உள்ள வேறுபாடு, கொக்கியின் உச்சியில் இருக்கும் சின்னச் சுழி. 2560×1440 புள்ளிகள் கொண்ட 27 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 109 புள்ளிகள். பத்து ‘பாயின்ட்’ அளவு எழுத்து என்றால் உயரத்துக்கு மொத்தமே பதினைந்து பிக்சல், அதாவது திரைப்புள்ளி. அதில் அந்தச் சுழிக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ. அதே 27 அங்குலத்தில் 5120×2880 வந்தால் அங்குலத்துக்கு 218. எழுத்துக்கு முப்பது பிக்சல் உயரம், பரப்பில் நான்கு மடங்கு. ‘திரைச்சீலை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘திரைச்சிலை’ என்று அச்சாகியிருந்ததை முதல் வகைத் திரையில் மூன்று முறை கடந்து போயிருக்கிறேன். இரண்டாவது வகையில் அது முதல் பார்வையிலேயே கண்ணில் குத்தியது. மெய்யெழுத்துப் புள்ளியும் அப்படித்தான்: ஒன்றில் அழுக்குப்போல ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றதில் வட்டமாக, தனியாக, தலைக்குமேல் நிற்கும். நாள் முழுக்கத் தமிழ் படிக்கிறவருக்கு இந்த வேறுபாடு மாலையில் கண்ணில் தெரியும்.

சரி, விலை. வில், விற்றல், விலை என்று ஒரே வேர். விற்கிறவர் சொல்வது விலை; வாங்குகிறவர் மதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது மதிப்பு. ஆல்-இன்-ஒன்னில் இவை இரண்டும் எவ்வளவு விலகலாம் என்பதற்கு 2014-ஐப் போல நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பரில் டெல் நிறுவனம் 27 அங்குல 5கே (அதே 5120×2880 புள்ளி) மானிட்டர் ஒன்றை அறிவித்தது. விலை ஏறத்தாழ 2,500 டாலர், வெறும் திரைக்கு மட்டும். அக்டோபர் 16 அன்று ஆப்பிள் அதே அளவு, அதே 5கே திரையோடு ஐமேக்கை அறிவித்தது. விலை 2,499 டாலர். கணினியும் சேர்த்து! முப்பது ஆண்டுக்கு முந்தைய முதல் மெக்கின்டோஷின் விலையோடு நான்கு டாலர்தான் வேறுபாடு, ஆனால் திரையில் 1.75 லட்சம் புள்ளி இருந்த இடத்தில் 1.47 கோடி.

அடுத்த ஆண்டே தொடக்க விலை 1,799 டாலருக்கு இறங்கியது. 2016-இல் எல்ஜி தனியாக விற்ற 27 அங்குல 5கே மானிட்டருக்குப் பட்டியல் விலை 1,299 டாலர். கழித்துப் பாருங்கள்: ஐமேக்கில் கணினிப் பகுதிக்கு நாம் கொடுத்தது 500 டாலர்தான். விலை உயர்ந்த கணினி என்று பெயர் வாங்கிய பொருள், திரையைக் கணக்கில் எடுத்தால், மலிவானதாக மாறுகிறது. 2022 மார்ச்சில் அந்த 27 அங்குல ஐமேக்கை ஆப்பிள் நிறுத்திவிட்டு, அதே அளவு 5கே திரையைத் தனியாக 1,599 டாலருக்கு விற்கத் தொடங்கியது. இந்தியாவில் அப்போது 1,59,900 ரூபாய். திரையில்லாமல் வரும் ஆப்பிளின் சின்னக் கணினியான மேக் மினி 2024-இல் 59,900 ரூபாய்க்கு வந்தது. சேர்த்தால் 2,19,800. அதே ஆண்டின் 24 அங்குல ஐமேக்கோ 1,34,900-இல் தொடங்கியது, 4480×2520 புள்ளிகளோடு. மூன்று அங்குலமும் கொஞ்சம் புள்ளிகளும் குறைகின்றன. ஏறத்தாழ 85,000 ரூபாய் மிஞ்சியது.

ஆனால் இந்தக் கணக்கு நல்ல திரைக்கு மட்டும்தான். ஐம்பது, அறுபதாயிரம் ரூபாயில் கிடைக்கும் ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலும் 1920×1080 திரைதான், அங்குலத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் புள்ளி. அப்படிப்பட்ட மானிட்டர் தனியாகப் பத்தாயிரத்தைச் சுற்றிக் கிடைக்கிறது. உள்ளே இருப்பதும் பல நேரம் மடிக்கணினிக்கான செயலி. ஒயர் குறையும், மேசை சுத்தமாக இருக்கும். வங்கிக் கவுன்டர், மருத்துவமனை வரவேற்பு மேசை போன்ற இடங்களுக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. மதிப்பு என்று பார்த்தால் அந்த வகையில் திரைக்காக எதுவும் கிடைப்பதில்லை. கடையில் பெயரும் உருவமும் ஒன்றாகத்தான் இருக்கும். திரையின் புள்ளிக் கணக்கைக் கேட்டுப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இனித் தமிழில் என்ன சொல்லலாம்? ‘அனைத்தும் ஒன்றில் கணினி’ என்று பெயர்த்து எழுதுகிறார்கள். வேற்றுமை உருபு சேர்த்தால் ‘அனைத்தும் ஒன்றில் கணினியில்’ என்று தடுக்கி விழுகிறது. ‘ஒருங்கிணைந்த கணினி’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அரசுத் திட்டம், கட்டளை மையம், படிப்பு என்று ஒருங்கிணைந்தவை நம்மிடம் ஏராளம். எது எதோடு இணைந்தது என்று அந்தச் சொல்லும் சொல்வதில்லை. ‘திரைக்கணினி’ எனக்கு ஆசையான சொல். மேசைக்கணினி, மடிக்கணினி வரிசையில் அழகாக உட்காரும், காசு எங்கே போகிறது என்றும் சொல்லிவிடும். என்ன, திரையைத் தொட்டே இயக்குகிற பலகைக் கணினியையும் கைப்பேசியையும்கூட ஒருவர் அப்படிச் சொல்லிவிடலாம்.

நான் பரிந்துரைப்பது ஓருடற்கணினி. ஒன்று என்பது உயிருக்கு முன்னால் ஓர் ஆகும், உடலின் ல் வல்லினத்துக்கு முன்னால் ற் ஆகும், வழக்கமான புணர்ச்சிதான். மடிக்கணினியும் ஓருடல்தானே என்று கேட்கலாம். அதற்கு மடி என்ற பெயர் வேரூன்றிவிட்டது, மடியில் வைப்பது, மடித்து வைப்பது என்ற இரண்டு பொருளோடும். மடியாத ஓருடலுக்கு இந்தப் பெயர் இருக்கட்டும்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மனமொத்த கணவன் மனைவியை நாம் ஈருடல் ஓருயிர் என்போம். பழைய மேசைக்கணினி அப்படித்தான்: தனியாக மானிட்டர், தனியாக ‘சிபியு’ என்று நாம் அழைக்கும் டப்பா, ஆனால் வேலை ஒன்று. ஆல்-இன்-ஒன் அதைத் திருப்பிப் போட்டது. உடல் ஒன்று, ஆயுள் இரண்டு. நல்ல திரை பத்து, பன்னிரண்டு ஆண்டு சளைக்காமல் வேலை செய்யும். கணினிப் பகுதி அதற்கு முன்பே கிழடு தட்டிவிடும். 2014-இன் 5கே ஐமேக்கில் 2021-இல் வந்த மேக் இயங்குதளமான மான்டரேயை நிறுவ முடியாது, ஏழே ஆண்டு. திரைக்கோ அப்போது நல்ல வயது.

அப்படியானால் கணினி போனபின் திரையை மட்டும் மானிட்டராகப் பயன்படுத்தலாமே? 2009-இன் 27 அங்குல ஐமேக்கில் அந்த வசதி இருந்தது, வேறொரு கணினியிலிருந்து ஒயர் செருகலாம். 5கே வந்தபோது அது போய்விட்டது, காரணம் எளிய பெருக்கல் கணக்கு. 1.47 கோடி புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை என்றால் நொடிக்கு 21 கிகாபிட்டுக்கு மேல் போக வேண்டும். கணினியிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் அன்றைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 ஒயர் தாங்கியது 17.28. டெல் தன் மானிட்டருக்கு இரண்டு ஒயர் போட்டுச் சமாளித்தது. கணினியும் திரையும் ஒரே கூட்டுக்குள் இருந்ததால் ஆப்பிள் உள்ளுக்குள்ளேயே தனி வழி போட்டுக்கொண்டது. எந்த ஓருடல் அமைப்பு அந்தத் திரையை அந்த விலைக்குக் கொண்டுவந்ததோ, அதுவேதான் வெளியிலிருந்து வரும் வழியையும் அடைத்தது.

பக்க வடிவமைப்புத் தொழில் செய்யும் நண்பர் ஒருவரிடம் 27 அங்குல ஓருடற்கணினி ஒன்று இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஆறாவது ஆண்டில் மதர்போர்டு போயிற்று, பாகம் வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரையில் ஒரு புள்ளி கூடச் சாகவில்லை. எடைக்குப் போட மனம் வராமல், அதை மேசைமேல் படுக்கவைத்து, விளிம்பில் கண்ணாடியை ஒட்டியிருந்த பசைப்பட்டையைச் சிறு சக்கரக் கத்தியால் சுற்றிலும் அறுத்தோம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆயிற்று. திரையைத் தூக்கினால் பின்னால் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் பேனலின் மாதிரி எண். அந்த எண்ணுக்குப் பொருந்தும் கட்டுப்பாட்டு அட்டை சீனாவிலிருந்து மூன்று வாரத்தில் வந்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பழைய போர்டு, விசிறி, வட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அந்த அட்டையைப் பொருத்தி, கண்ணாடியைத் திரும்ப ஒட்டினோம். பக்கத்தில் டிபன் டப்பா அளவு சின்னக் கணினி ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒயர்.

அன்று மாலையே அதில் அவர் ஒரு பக்கத்தைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டார். உள்ளே கணினி இல்லாத அதை இனி ஓருடற்கணினி என்று அழைக்க வழியில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் அவர் "திரை" என்றுதான் சொல்கிறார்.