லைசென்ஸ்: உரிமமா, சான்றா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துத் தாள் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. ‘லைசென்ஸ்டு டயாபடீஸ் எஜுகேட்டர்’ என்று இருந்ததை ‘உரிமம் பெற்ற நீரிழிவுக் கல்வியாளர்’ என்று ஒரே மூச்சில் எழுதினேன். இரண்டு வரி தள்ளி ‘சர்ட்டிஃபைடு டயாபடீஸ் எஜுகேட்டர்’ என்று வந்தது. எல்லாம் ஒன்றுதானே என்று அதற்கும் ‘உரிமம் பெற்ற’ என்றே போட்டுவிட்டேன். ஒரு தொடருக்குள் இரண்டு தப்பு.

லைசென்ஸ் லத்தீன் வழி வந்த சொல். ‘லிகேரே’ என்றால் ‘செய்யத் தடையில்லை’. அதிலிருந்து ‘லிகென்டியா’: விருப்பம்போல் நடக்கும் சுதந்திரம். பழைய பத்திரங்களில் ஒரு பட்டியலுக்கு முன்னால் ‘விஸ்.’ என்று போட்டிருப்பார்களே, ‘விதேலிகெத்’ என்பதன் அந்தச் சுருக்கத்துக்குள்ளும் இதே லிகேரேதான்; ‘பார்க்கலாம்’ என்று பொருள். ஓய்வைக் குறிக்கும் ‘லெஷர்’கூட இந்தக் குடும்பம்தான். ஆனால் இன்றைய லைசென்ஸில் சுதந்திரத்துக்கு முன்னால் ஒரு தடை நிற்கிறது. ‘யாரும் செய்யக் கூடாது’ என்று அரசு முதலில் கதவைச் சாத்துகிறது. அப்புறம் தகுதி உள்ளவருக்கு மட்டும் திறந்துவிடுகிறது.

சர்ட்டிஃபிகேட்டில் அப்படிக் கதவு எதுவும் இல்லை. ‘கெர்துஸ்’ என்றால் உறுதியானது. ‘இவருக்கு இந்த வேலை தெரியும்’ என்று ஓர் அமைப்பு உறுதி சொல்கிறது, அவ்வளவுதான். அது இல்லாதவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று அது சொல்வதில்லை.

டயாபடீஸ் எஜுகேட்டர் விஷயத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் செவிலியர், உணவியல் வல்லுநர், மருந்தாளுநர். அந்தந்தத் தொழிலுக்கான மாநில உரிமம் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. அதற்கு மேல் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தேர்வு 1986 முதல் நடக்கிறது. குறைந்தது 1,000 மணி நேரம் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020-இல் பட்டத்தின் பெயரையும் நீட்டிவிட்டார்கள். இத்தனை கெடுபிடி இருந்தும் அது சான்றுதான், உரிமம் ஆகாது. தொழில் உரிமம் அங்கே மாநிலங்களின் அதிகாரம். மருத்துவருக்கு உரிமம் கட்டாயம் என்று ஒரு மாநிலம் சட்டம் போடலாம் என 1889-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் டென்ட் என்பவரின் வழக்கில் சொல்லிவிட்டது. நீரிழிவுக் கல்விக்கென்று தனி உரிமச் சட்டத்தை முதலில் 2011-இல் கொண்டுவந்தது கென்டக்கி. அதற்கென ஒரு வாரியம், புதிதாக வருபவருக்குப் பயிலுநர் அனுமதி என்று முறையாகவே செய்தார்கள். பிறகு இண்டியானாவும் சட்டம் இயற்றியது. பெரும்பாலான மாநிலங்களில் இன்னும் அப்படி ஒன்று கிடையாது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘உரிமம்’ தமிழ்நாட்டில் நன்றாக ஊன்றிவிட்ட சொல்; ஓட்டுநர் உரிமம் தெரியாதவர் இல்லை. ‘உரி’ என்ற அடியிலிருந்து வந்ததால் அதில் உரிமையின் வாடை கொஞ்சம் தூக்கல். லைசென்ஸோ கொடுத்தவரே பறித்துக்கொள்ளக்கூடியது. அந்த வகையில் இலங்கைத் தமிழர் சொல்லும் ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ பொருளுக்கு இன்னும் பக்கம். வழக்காடும் அனுமதியைக் குறிக்கும் ‘சன்னது’ வக்கீல்கள் வாயில் இன்றும் இருக்கிறது, அரபியிலிருந்து வந்தது. ஆனாலும் என் ஓட்டு உரிமத்துக்கே. சின்னச் சொல், பழகிய சொல். சர்ட்டிஃபிகேஷனுக்குச் ‘சான்று’ இருக்கும்போது இரண்டையும் குழப்ப வேண்டியதில்லை.

நீரிழிவு என்ற சொல்லில் குறையே இல்லை. ‘இழிதல்’ என்றால் கீழே இறங்குதல். நீர் இறங்கிப் போகும் நோய். கிரேக்க ‘டயாபடீஸ்’ காட்டுவதும் ஊடே பாய்ந்து போகும் நீரைத்தான்.

இடறுவது ‘கல்வியாளர்’. அதைக் கேட்டால் கல்விக் கொள்கை பற்றி மேடையில் பேசுபவர்தான் கண்ணில் வருகிறார். டயாபடீஸ் எஜுகேட்டர் செய்யும் வேலை வேறு. இன்சுலின் பேனாவில் புது ஊசியை மாட்டச் சொல்கிறார். 2 யூனிட் திருகி அழுத்தி, நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறதா என்று கவனிக்கிறார். வயிற்றில் குத்தி மருந்து இறங்கிய கையோடு ஊசியை உருவப் போனவரிடம், “இருங்க, பத்து வரைக்கும் எண்ணுங்க” என்கிறார். மறுபடி செய்துகாட்டச் சொல்கிறார். இவர் பயிற்றுநர்.

‘உரிமம் பெற்ற நீரிழிவுப் பயிற்றுநர்’, ‘சான்று பெற்ற நீரிழிவுப் பயிற்றுநர்’ என்று இரண்டு இடத்தையும் திருத்தி அனுப்பினேன். தாளைக் கொடுத்தவர்கள் ‘பயிற்றுநர்’ ஜிம் வாத்தியார் மாதிரி இருக்கிறது என்று ‘கல்வியாளர்’ ஆக்கிவிட்டார்கள். உரிமத்தையும் சான்றையும் தொடவில்லை.