ஸ்டார்ட் ஆகாத ஜெட் ஸ்கியும் நுவரெலியாக் காற்றும்

ஏப்ரல் சீசனுக்கு நாலு நாள் இருக்கும்போது, கடலோரத்துப் பெந்தோட்டையிலிருந்து லொறியில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி நுவரெலியாவின் கிரகரி வாவிக்கு வந்து இறங்கியது. கீழே ஒரே அழுத்தில் பிடித்த மெஷினாம், இங்கே ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவே இல்லை. முதலில் பார்த்த கராஜ்காரர், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் மீட்டரைப் போட்டிருக்கிறார். இரண்டு சிலிண்டரிலும் 120 பிஎஸ்ஐ. கீழே 150 இருந்ததாம், அப்படியென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளி முகம் செத்துப்போய் என்னிடம் வந்தார்.

ரிங் போகவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே கீழே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான், மீட்டரும் அதே கணக்கில் குறைத்துக் காட்டும். 150 காட்டிய நல்ல என்ஜின் இங்கே 120 காட்டினால் அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அப்போது கவலைப்படுங்கள். த்ரொட்டிலை முழுக்கத் திறந்து வைத்துத்தான் அளக்க வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் பொய் சொல்லும்.

பிளக்கைக் கழற்றினேன். கறுப்பாக, பெட்ரோலில் நனைந்து கிடந்தது. காற்று குறைந்த ஊரில் கடலோர அளவுக்கே பெட்ரோல் போனால் வேறென்ன நடக்கும்? அதிலும் காலைக் குளிருக்கு சோக்கை இழுத்து இழுத்து அடித்திருக்கிறார்கள். இப்படி நனைந்துபோனால் இழுத்த சோக்கைத் திரும்ப உள்ளே தள்ளி, புது பிளக் போட்டு, த்ரொட்டிலை முழுக்கத் திறந்து ஐந்து விநாடி மட்டும் சுற்றுங்கள், அப்புறம் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுங்கள். பிடித்த உடனே த்ரொட்டிலை விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் மருந்தடிக்கிற மெஷின் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றி, மெஷின் உடம்பில் வைத்து இழுத்து, நெருப்பு வருகிறதா என்று பார்ப்போம், நானும் அப்படித்தான் தொழில் படித்தேன். ஆனால் அது திறந்த வெளியில் நிற்கிற மெஷின். ஜெட் ஸ்கியின் என்ஜின் மூடிய வயிற்றுக்குள் இருக்கிறது, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சீட்டைக் கழற்றி நல்ல காற்று போகவிடுங்கள், பெட்ரோல் வாசம் முழுக்கப் போகும்வரை ஸ்டார்ட்டர் பட்டனைக்கூடத் தொடாதீர்கள். பொறி வருகிறதா என்று பார்க்கும்போது பிளக்கை ஓட்டையிலிருந்து தள்ளி, என்ஜின் உடம்போடு ஒட்டவைத்துப் பிடிக்க வேண்டும். வயரை அந்தரத்தில் விட்டுச் சுற்றினால் பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற சிடிஐ யூனிட்டும் போய்விடலாம்.

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் கதை வேறு. முதலில், ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்துவதற்காகக் கையில் கட்டுகிற சிவப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், ஹட்டனிலிருந்து இதற்காகவே ஒருநாள் பஸ் ஏறி வந்திருக்கிறேன். அப்புறம் பேட்டரி: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டி, சுற்றும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் அது செத்த பேட்டரி. ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால் இரண்டு காரணம் யோசிப்பேன். ஒன்று, பின்னாலிருக்கிற பம்புக்குள் கயிறு சிக்கியிருக்கலாம். மற்றது, சிலிண்டருக்குள் தண்ணீர்.

தண்ணீர் புகுந்த மெஷினைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எர்த் பண்ணி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சுற்றினால் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அதே நாளில் என்ஜினை ஓடவைத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிடும். குழாய்த் தண்ணீர் கொடுத்துக் கழுவும்போதும் பலர் இப்படித்தான் மாட்டுகிறார்கள்: என்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது குழாயை மூடிவிட்டுத்தான் என்ஜினை.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது, ஸ்ப்ரே அதைக் கழுவிவிடும்.

சரி, பெந்தோட்டை மெஷினுக்கு வருகிறேன். புது பிளக் போட்டு, காபரேட்டரில் லோ ஸ்பீட் ஊசியைக் கால் சுற்று உள்ளே திருகிப் பெட்ரோலைக் குறைத்தேன், மூன்றாவது அழுத்தில் பிடித்தது. சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் ‘கீழே இறக்கினால் ஊசியைக் கால் சுற்று வெளியே எடு’ என்று எழுதியும் வைத்தேன். இந்த அளவோடு கடலோரத்தில் ஓட்டினால் பெட்ரோலும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் இறுகிவிடும், அப்போது முதல் கராஜ்காரர் சொன்னபடி என்ஜினை இறக்கத்தான் வேண்டியிருக்கும்.